ஏழாவது பொத்தான்

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது வாக்காளர் பட்டியலில் மட்டும்தான் உயிரோடிருக்கிறது. தெருவில் எல்லோருக்கும் அவர் ‘தொகுதி’. மாநிலத்தில் எந்தத் தொகுதியைச் சொன்னாலும் போன தடவை அங்கே யார் நின்றார், யார் வென்றார், எத்தனை ஓட்டில் வென்றார் என்று தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். மனைவி ஒருநாள் நிஜமாகவே தட்டி எழுப்பிக் கேட்டாளாம். வரிசையாகச் சொன்னாராம். சரி, நம் கல்யாணம் என்றைக்கு நடந்தது என்று அடுத்த கேள்வியைப் போட்டதும் குறட்டை வந்துவிட்டதாம்.

தொழில், மோட்டாருக்குக் காயில் கட்டுவது. எரிந்துபோன மின்விசிறி, தண்ணீர் மோட்டார், துணி துவைக்கும் எந்திரம் என்று எது வந்தாலும் வயிற்றைப் பிளந்து, கருகிய கம்பியை உருவியெடுத்து, புதுச் செம்புக் கம்பியைச் சுற்றி, வார்னிஷ் ஊற்றி உயிர் கொடுத்து அனுப்புவார். கடை பத்தடிக்கு எட்டடி. மூன்று பக்கமும் மோட்டார் ஓடுகள், நாலாவது பக்கம் தெரு. வார்னிஷ் வாடையில் புதிதாக வருகிறவருக்குத் தலை சுற்றும். அது சரியாவதற்குள் அரசியல் பேச்சில் இன்னொரு சுற்றுச் சுற்றும். அவருடைய வித்தையே அதுதான். கை கம்பியைச் சுற்றிக்கொண்டிருக்கும், வாய் ஆட்சியைக் கவிழ்த்துக்கொண்டிருக்கும், மனசுக்குள் எண்ணிக்கை மட்டும் நூற்றிப் பன்னிரண்டு, நூற்றிப் பதின்மூன்று என்று தன்பாட்டுக்குப் போகும். ஒரு சுற்றுக் கூடாது, ஒரு சுற்றுக் குறையாது.

அவருக்கு ஆகவே ஆகாத வாக்கியம் ஒன்று உண்டு. “யாரு வந்தா என்னங்க, நாம உழைச்சாத்தான் சோறு.” இதை யாராவது சொல்லிவிட்டால் போதும். கம்பியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, சொன்னவரின் குரலிலேயே, அதே அலுப்போடு, அதே கொட்டாவியோடு திருப்பிச் சொல்லிக் காட்டுவார். பிறகு சொந்தக் குரலுக்கு வருவார். ஓட்டுப் போடாதவன் தெருவில் சாக்கடை வழிந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்ளலாம், வாயைத் திறக்கக் கூடாது. அடுத்தவன் சொன்னதற்காக ஓட்டுப் போடுகிறவன் அடுத்தவன் செருப்பில் நடக்கிறவன். அடுத்தவன் ஓட்டில் கைவைக்கிறவனோ திருடனைவிடக் கேவலம், ஏனென்றால் திருடன் மிச்சம் மீதி வைத்துவிட்டுப் போவான். இது அவருடைய மூன்றாவது விதி. தெருவில் பாதிப் பேருக்கு இது மனப்பாடம்.

பக்கத்துக் கடை கண்ணாடிக்காரருடையது. சன்னல் கண்ணாடி வெட்டுகிறவர். ஆளுங்கட்சி. இரண்டு கடைக்கும் நடுவே ஒரு செங்கல் சுவர்தான், அதன் வழியாகவே பதினெட்டு வருஷமாகச் சண்டை. கண்ணாடிக்காரர் வைரமுனையால் கண்ணாடியில் கோடு கிழிக்கும்போது மட்டும் இவர் பேசமாட்டார். கை தவறினால் கண்ணாடி போய்விடும். இவர் காயில் முடிச்சுப் போடும்போது அவர் பேசமாட்டார். மற்ற நேரமெல்லாம் சட்டமன்றம்தான்.

ஒவ்வொரு மாநிலத் தேர்தல் முடிந்த பிறகும் தொகுதி ஒரு காரியம் செய்வார். தேர்தல் அலுவலகத்துக்குப் போய், சன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் குமாஸ்தாவின் எரிச்சலையெல்லாம் வாங்கிக்கொண்டு, வாக்குச்சாவடி வாரியாக யாருக்கு எத்தனை ஓட்டு என்ற பட்டியலை நகலெடுத்து வருவார். வந்து கடைச் சுவரில் ஒட்டுவார். “எங்க தெரு மொத்தமும் உங்களுக்குத்தான்” என்று வேட்பாளருக்கு மாலை போட்டவர்கள் எல்லாம் அந்தச் சுவரைப் பார்க்காமல் எதிர்ப்பக்கமாக நடப்பார்கள். வாய் பொய் சொல்லும், பட்டியல் சொல்லாது என்பார்.

அந்தப் பட்டியல்தான் கடைசியில் அவரையே மாட்டிவிட்டது.

அவருக்கு ஓர் அக்கா. முப்பத்தோரு வருஷம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கிற வேலை பார்த்தவள். இவர் படிப்பு ஏறாமல் ஊர் சுற்றியபோது, ஒரு மோட்டார் பட்டறை முதலாளி வெளியூர் அழைப்புக்காகக் காத்திருந்த நேரத்தில், “ஐயா, எனக்கொரு தம்பி இருக்கான், சேத்துக்குவீங்களா?” என்று கம்பி வழியாகவே கேட்டு வேலை வாங்கிக் கொடுத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி வீட்டின் பின்னறையில் இருக்கிறாள். நாலு வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை நோய் முதலில் ஒரு கண்ணையும் பிறகு இன்னொன்றையும் வாங்கிக்கொண்டது. காது மட்டும் அப்படியே இருந்தது. யாராவது பேசத் தொடங்கினால் தலையை இடப்பக்கம் சாய்ப்பாள், அங்கே இன்னும் ரிசீவர் இருப்பதுபோல. இரண்டு வாக்கியம் கேட்டால் போதும், ஆள் எப்படி என்று சொல்லிவிடுவாள். சம்பந்தம் பேச வருகிறவர்களைக்கூட அக்கம்பக்கத்தார் முதலில் அக்காவிடம் பேசவிட்டுப் பார்ப்பார்கள்.

தேர்தல் வந்தது. ஒன்பது பேர் நின்றார்கள். ஆளுங்கட்சிக்காரர் ஒலிபெருக்கியில் “என் உடலும் உங்களுக்கே, உயிரும் உங்களுக்கே” என்றார். அவன் உடம்பை நாம் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றாள் அக்கா. எதிர்க்கட்சிக்காரர் பேசினார். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னாலும் கைதட்டலுக்காக நிறுத்தினார், கைதட்டல் வராதபோதும் நிறுத்தினார். இவனுக்கு எதிராளி பேசுவது கேட்காது, லைன் ஒருவழிதான் என்றாள். ஏழாவதாக ஒரு சுயேச்சை. அரசு மருத்துவமனையில் நர்ஸ் வேலையை விட்டுவிட்டு வந்த பெண். சின்னம், சீப்பு. வண்டி இல்லை, மைக் இல்லை, நாலு பேரோடு நடந்து வந்தாள். வாசலில் நின்று, நான் ஜெயிக்கமாட்டேன் என்று தெரியும், ஆனால் ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலில் இரண்டு பேர் படுத்திருப்பதை யாராவது சொல்லியாக வேண்டும் என்று சொன்னாள். அக்கா தலையைச் சாய்த்தபடியே வெகுநேரம் இருந்தாள்.

“இது பொய் சொல்லாத குரல்டா,” என்றாள். “என் ஓட்டு இதுக்குத்தான்.”

தொகுதிக்குச் சுருக்கென்றது. இந்தத் தடவை ஆட்சியை மாற்றியே ஆகவேண்டும் என்று ஆறு மாதமாகத் தொண்டை வறளப் பேசியவர். ஐந்நூறு, அறுநூறில் முடியப்போகிற போட்டி என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். வீட்டுக்குள்ளேயே ஒரு ஓட்டு சீப்புக்குப் போனால் எப்படி? சாப்பாட்டு மேசையில் தொடங்கினார். ஓட்டைப் பிரிப்பது ஆளுங்கட்சிக்குத்தான் லாபம் என்றார். ஓடாத மோட்டாருக்குத் தங்கத்தில் காயில் கட்டுவாயா என்றார். மொட்டைத்தலைக்கு எதற்குச் சீப்பு என்று கேலியும் செய்தார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சீப்பை ஒளிச்சு வச்சா கல்யாணம் நின்னுடாதுடா தம்பி” என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

வாக்குச்சாவடிக்குத் துணையாக யார் போவது என்று கேள்வி வந்தது. மருந்துக்கடையில் கணக்கெழுதும் அவர் மனைவி, நான் அரைநாள் விடுப்புப் போடுகிறேன் என்றாள். அக்கா வேண்டாம் என்றாள்.

“அவனே வரட்டும். ஊருக்கே ஓட்டுன்னா என்னன்னு சொல்றவன். அவன் கையைவிட நம்பிக்கையான கை எனக்கு எங்க இருக்கு?”

பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு அறை. சுவரில் வாய்ப்பாடு, மூலையில் அடுக்கிய குட்டை பெஞ்சுகள். விடிகாலையிலிருந்து உட்கார்ந்திருந்த அதிகாரி ஒரு காகிதத்தை நகர்த்தி, ஆயிரம் தடவை சொன்ன குரலில் சொன்னார், “பார்வையற்றவர் விருப்பப்படிதான் போடணும், ரகசியம் காக்கணும், இங்க கையெழுத்து.” தொகுதி போட்டார். அக்காவின் கை அவர் தோளில் இருந்தது. அட்டைத் தடுப்புக்குப் பின்னால் இரண்டு பேரும் ஒண்டிக்கொண்டு நின்றார்கள். மேலிருந்து கீழாக ஒன்பது பேருக்கு ஒன்பது பொத்தான்கள், அதற்குக் கீழே நோட்டா.

“ஏழாவதுடா,” என்று அவர் காதோடு சொன்னாள். “விரலை வை, நானே அமுக்கறேன்.”

அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். பொத்தான்களின் மேல் விரலை ஓடவிட்டிருந்தால் அவளே எண்ணியிருப்பாள். ஓடவிடவில்லை. காற்றிலேயே கொண்டுபோய் நேராக இறக்கினார். இரண்டாவது பொத்தானில், எதிர்க்கட்சியினுடையதில். அந்த அரை நொடியில் அவர் மனசுக்குள் ஓடியது எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. அக்கா நல்லவள், விவரம் தெரியாது. ஐந்நூறில் முடியப்போகிற போட்டி. ஆட்சி மாறினால் ஆஸ்பத்திரிக்கும் நல்லது, அதாவது அந்தப் பெண் கேட்டதும் அதுதானே. அக்கா அமுக்கினாள். எந்திரம் நீளமாகக் கூவியது.

“விழுந்துச்சா?”

“விழுந்துச்சுக்கா.”

அதில் பொய் ஒன்றும் இல்லை என்று வெளியே வரும்போது நினைத்துக்கொண்டார். விரலில் மை காய்வதற்காக அக்கா கையை முன்னால் நீட்டிக்கொண்டே நடந்தாள், சின்னப் பிள்ளை பரிசு வாங்கிக்கொண்டு வருவதுபோல.

மறுநாள் ஒரு விசிறிக்குக் காயில் கட்டினார். எண்பத்தேழா, எண்பத்தெட்டா என்று நின்றுவிட்டது. பிரித்துவிட்டு மறுபடி சுற்றினார். மறுபடியும் நின்றது. கண்ணாடிக்காரர் சுவருக்கு அப்பாலிருந்து, தோல்வி பயம் வந்தால் வாய் அடைக்கத்தான் செய்யும் என்று சீண்டினார். இவரிடமிருந்து பதில் போகவில்லை. அந்தப் பக்கம் கண்ணாடி வெட்டும் சத்தமும் சற்று நேரம் நின்றது. பதினெட்டு வருஷத்தில் இப்படி நடந்ததில்லை.

முடிவு வந்தது. ஐந்நூறும் இல்லை, அறுநூறும் இல்லை. எதிர்க்கட்சி ஆறாயிரத்து நானூற்றிப் பன்னிரண்டு ஓட்டில் வென்றது. தெருவில் எல்லோரும் தொகுதியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர் கை மட்டும் குலுங்கியது. ஆறாயிரத்து நானூற்றிப் பன்னிரண்டில் ஒன்றைக் கழித்துப் பார்த்தார். ஆறாயிரத்து நானூற்றிப் பதினொன்று. யாருக்கும் ஒரு மயிரிழைகூட நகரவில்லை. சீப்புக்குப் போட்டால் வீண் என்று சொன்ன ஓட்டு, அவர் கொண்டுபோய்ப் போட்ட இடத்தில்தான் வீணாகக் கிடந்தது.

சரி, போகட்டும், யாருக்குத் தெரியப்போகிறது என்று தேற்றிக்கொண்டார். பழக்க தோஷம், பத்தாம் நாள் கால் தானாகத் தேர்தல் அலுவலகத்துக்குப் போனது. குமாஸ்தா, வந்துட்டாரய்யா என்று கொட்டாவி விட்டார். பட்டியலை வாங்கிப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து தங்கள் சாவடியைத் தேடினார். எதிர்க்கட்சி நானூற்றி முப்பத்தொன்று. ஆளுங்கட்சி இருநூற்றித் தொண்ணூறு. விரல் கீழே இறங்கியது. ஏழாவது பெயர். சைபர்.

மற்ற சாவடிகளில் அந்த நர்ஸுக்கு நாலு, பதினேழு, முப்பத்திரண்டு என்று இருந்தது. இவர்களுடையதில் மட்டும் சைபர். திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பின்னறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. காலடிச் சத்தத்தை வைத்தே, பட்டியல் கொண்டு வந்திருக்கிறான் என்று தெரிந்துகொண்டாளோ என்னவோ.

“நம்ம சாவடியில அந்தப் பொண்ணுக்கு எத்தனைடா?”

இந்தக் கேள்வி வரும் என்று வழியெல்லாம் தெரிந்திருந்தது. பதில்தான் தயாராகவில்லை. வாய் தானாகத் திறந்து, “ஒண்ணு” என்றது.

அக்கா சிரித்தாள். கண் போன பிறகு அப்படி அவள் சிரித்து அவர் பார்த்ததில்லை. ஒண்ணா, ஒண்ணேதானா என்று இரண்டு தடவை கேட்டாள். அப்படியானால் அது என்னுடையதுதான், வேறு யாருடையதாகவும் இருக்க முடியாது, எண்ணூறு பேர் இருக்கும் சாவடியில் நான் ஒருத்திதான் என்றாள். மறுநாளிலிருந்து அது ஒரு பாட்டாகவே ஆகிவிட்டது. பழைய தொலைபேசி நிலையத் தோழிகளுக்கு ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். பால்காரரிடம் சொன்னாள். தபால்காரரிடம் சொன்னாள். ஒரே வாரத்தில் தெருவே அவளுக்கு ‘ஒத்த ஓட்டு’ என்று பெயர் வைத்தது. யாராவது வாசலில் நின்று, ஒத்த ஓட்டு அக்கா இருக்காங்களா என்று கேட்டால் உள்ளிருந்து, இருக்கேன் இருக்கேன் என்று ராஜாங்கமாகப் பதில் வரும். ரகசிய ஓட்டாயிற்றே அக்கா என்று தொகுதி ஒரு தடவை மெல்லச் சொல்லிப் பார்த்தார். ரகசியம் காப்பாற்றக் கையெழுத்துப் போட்டது நீதானே, நான் இல்லையே என்றாள்.

இந்த நிலையில் பட்டியலைச் சுவரில் ஒட்ட முடியுமா? ஒட்டவில்லை. கண்ணாடிக்காரர் தினமும் எட்டிப் பார்த்தார்.

“தோத்த எங்களுக்கே வெக்கமில்ல. ஜெயிச்ச உனக்கு என்னய்யா, ஒட்டேன்.”

நகலெடுக்கும் எந்திரம் பழுது என்றார் தொகுதி. அடுத்த நாள் பசை தீர்ந்துவிட்டது என்றார். அதற்கடுத்த நாள் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கப்போகிறேன் என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்குத்தான் எத்தனை பிடி சோறு தேவைப்படுகிறது.

ஒரு மத்தியான வேளையில், கடையில் யாரும் இல்லாதபோது, அவர் செய்யவே கூடாத ஒன்றைச் செய்தார். நகலை மேசைமேல் விரித்து, தங்கள் சாவடி வரியில், ஏழாவது பெயருக்கு நேராக இருந்த சைபரைச் சுரண்டியெடுத்துவிட்டு மெல்லிய பேனாவால் ஒன்று என்று எழுதினார். அச்சுபோலவே இருந்தது. ஆனால் கடைசியில் கூட்டுத்தொகை இடித்தது. ஒரு ஓட்டு அதிகம். கண்ணாடிக்காரர் கூட்டிப் பார்க்கிற ஆள். எங்கேயாவது ஒன்றைக் குறைத்தாக வேண்டும். எங்கே குறைப்பது என்று யோசித்தார். எதிர்க்கட்சியின் நானூற்றி முப்பத்தொன்றை நானூற்றி முப்பதாக ஆக்கினார். கூட்டினார். கச்சிதமாக வந்தது.

பேனாவை மூடப்போன கை அப்படியே நின்றுவிட்டது. சீப்புக்கு ஒன்று. எதிர்க்கட்சிக்கு நானூற்றி முப்பது. அவர் கள்ளத்தனமாகத் திருத்தி எழுதிய இந்தப் பட்டியல்தான் நிஜமான பட்டியல். அரசாங்கம் முத்திரை குத்திக் கொடுத்ததுதான் பொய். அதைப் பொய்யாக்கியவர் இவர். நல்லபடியாக வந்திருக்க வேண்டிய கணக்கை இப்போது பேனாவை வைத்துச் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தக் காகிதத்தை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார், சட்டைப்பைக்குள் வைத்தார், எடுத்தார், கடைசியில் அடுப்பு மூட்டப் போகிற கருகிய கம்பி உறைகளோடு போட்டு எரித்தார். உண்மையை எரித்த மாதிரியே இருந்தது. சுத்தமான நகல் ஒன்று இழுப்பறையில் மிச்சம் இருந்தது.

அந்த வாரம்தான் நர்ஸ் நன்றி சொல்ல வருகிறாள் என்று செய்தி வந்தது. தோற்றவள் நன்றி சொல்ல வருவது ஊரில் புதிது. சாவடி சாவடியாக, ஓட்டு விழுந்த தெருக்களுக்கெல்லாம் நடந்தே போகிறாளாம். அக்கா பரபரத்துப் போனாள். மூன்று நாள் சாயங்காலமும் நல்ல துணி உடுத்தி, தலை வாரிக்கொண்டு, முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தாள். தம்பி மனைவியிடம், வீடு பெருக்கியிருக்கா, உட்காரச் சொல்ல நாற்காலி இருக்கா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் தொகுதி கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்து வாசற்படியில் நின்றார். நர்ஸும் அவளோடு நாலு பேரும் தெருமுனைக்கு வந்தார்கள். ஒருவர் கையில் காகிதம் இருந்தது. காகிதம் வைத்திருந்தவர் அதைப் பார்த்தார், இந்தத் தெருவைப் பார்த்தார், இல்லை என்று தலையை ஆட்டினார். எல்லோரும் வேறு சாவடியைச் சேர்ந்த எதிர்த்தெருவுக்குள் திரும்பினார்கள். நர்ஸின் குரல் காற்றில் வந்தது. நன்றிங்க, ரொம்ப நன்றிங்க. பிறகு தேய்ந்துகொண்டே போனது.

அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். குரல் முழுக்க மறையும்வரை கேட்டாள்.

“ஒத்த ஓட்டுக்கு யாரு வருவா, விடு,” என்றாள். அப்புறம், “எல்லாரையும் மாதிரிதான் அதுவும். எனக்குத்தான் தெரியல. கண்ணுதான் போச்சுன்னு பாத்தா காதும் போயிருச்சு போல.”

அவரால் அதற்கு மேல் வாசற்படியில் நிற்க முடியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அழுதிருந்தால்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். அவள் தன்னிடம் மிச்சமிருந்த ஒன்றையும் கழற்றி வைக்கிறாள், அதுவும் அவர் சொன்ன பொய்யால். உள்ளே வந்து அவள் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

“உன் காதுக்கு ஒண்ணும் ஆகலக்கா. அந்தப் பொண்ணு கையில இருக்கற பட்டியல்ல நம்ம சாவடிக்கு சைபர். ஒண்ணுன்னு நான்தான் சொன்னேன்.”

அவர் எல்லாவற்றையும் சொன்னார். மணிக்கட்டைப் பிடித்தது, காற்றிலேயே கொண்டுபோனது, இரண்டாவது பொத்தான். மனைவி சமையலறை வாசலில் நின்றபடி பாத்திரத்தைக் கீழே வைக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

“என் விரலாலயாடா?” என்றாள் அக்கா.

அவர் தன் கையை மடிக்குள் ஒளித்துக்கொண்டார்.

“உன் விரலால அமுக்கியிருந்தாக்கூட...” அவள் முடிக்கவில்லை. மை போட்ட விரலை மற்ற கையால் மூடிக்கொண்டாள். மை எப்போதோ போயிருந்தது. “ஒரு காகிதத்துல கையெழுத்துப் போட்டியே, அதுல என்ன எழுதியிருந்துச்சு? சொல்லு.”

சொன்னார். எழுத்து மாறாமல் ஞாபகம் இருந்தது. அதிகாரியின் குரலும் இல்லை, வேறு யாருடைய குரலும் இல்லை, சொந்தக் குரலிலேயே சொன்னார். பார்வையற்றவரின் விருப்பப்படியே வாக்கைப் பதிவு செய்வேன் என்ற வரியையும் விடவில்லை. அக்கா மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். சொன்னார்.

அவள் இரண்டு விஷயம் சொன்னாள். நாளைக் காலையில் நிஜப் பட்டியலைக் கடையில் ஒட்ட வேண்டும். கேட்கிறவர்கள் எல்லோரிடமும், அக்கா பொய் சொல்லவில்லை, நான்தான் மாற்றிப் போட்டேன் என்று அவர் வாயாலேயே சொல்ல வேண்டும். அதிகாரியிடம் சொல்வதா வேண்டாமா என்பதை அவள் யோசித்துச் சொல்வாள். அவ்வளவுதான். பிறகு தொலைபேசியைத் தடவி எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பழைய தோழிகளிடம் எண்ணை வாங்கி அந்த நர்ஸோடு பேசினாள் என்பது மட்டும் தெரியும். என்ன பேசினாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று தோன்றியது.

காலையில் ஒட்டினார். கண்ணாடிக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, விரலால் வரியைத் தேடி, ஏழாவது பெயருக்கு வந்து நின்றார்.

“என்னய்யா, ஒத்த ஓட்டு அக்காவோட ஓட்டையே காணோம்?”

தொகுதி சொன்னார். முழுக்கச் சொன்னார். கண்ணாடிக்காரர் சிரிப்பதற்காக வாயைத் திறந்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“இத எங்க ஆளுங்க செஞ்சிருந்தா நீ ஒரு வருஷம் இதே சுவத்துல நின்னு கத்தியிருப்ப,” என்றார். “எங்க ஆளுங்ககூட சொந்த அக்காகிட்ட செய்ய மாட்டாங்கய்யா.”

அன்று முழுவதும் ஆள் வந்துகொண்டே இருந்தது. மோட்டார் கொடுக்க வந்தவர்கள், வாங்க வந்தவர்கள், பட்டியலைப் பார்க்க வந்தவர்கள். கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். சிலர், அட விடுங்க, ஒரு ஓட்டுதானே என்றார்கள். ஒரு ஓட்டுதானே என்று யார் சொன்னாலும் சண்டைக்குப் போகிற மனிதர், தலையைக் குனிந்துகொண்டு கம்பியைச் சுற்றினார். ஒருவர், மூன்றாவது விதி என்னாயிற்று தொகுதி என்று இவருடைய குரலிலேயே கேட்டுவிட்டுப் போனார். நன்றாகவே கேட்டார், அதே இழுவை, அதே ஏற்ற இறக்கம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டாள்.

“எத்தனை பேர்கிட்ட சொன்ன?”

“பதினொண்ணுக்கா.”

அக்கா தலையாட்டினாள். தொலைபேசியை எடுத்தாள். கண்ணாடிக்காரர் கடையின் எண்ணை விரல் தடுமாறாமல் அமுக்கினாள். அவர் அங்கேயே நின்றார்.

“தம்பி, நான்தான். இன்னிக்கு என் தம்பி எத்தனை பேர்கிட்ட சொன்னான்னு பாத்தியா? ம். ம். சரிப்பா.”

வைத்தாள்.

“ஒம்பதுங்கறான். ரெண்டு குறையுதேடா.”

கண்ணாடிக்காரர் மத்தியானம் ஒரு வீட்டுக்குச் சன்னல் மாட்டப் போயிருந்தார். அந்த நேரத்தில்தான் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பம்பு மோட்டார், இன்னொருவர் பட்டியல் பார்க்க வந்தவர். இரண்டு பேரிடமும் சொன்னார், ஒரு வார்த்தை குறையாமல் சொன்னார். அது சத்தியம். அக்கா தலையை இடப்பக்கம் சாய்த்துக் காத்திருந்தாள். அவர் வாயைத் திறந்தார். தன் குரல் அவள் காதில் இனிமேல் எப்படி விழும் என்று தெரியாமல், திறந்த வாயோடு நின்றார்.